ரைடர் கோப்பை பேக்கேஜுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

2027 செப்டம்பர் 17 முதல் 19 வரை அயர்லாந்தின் அடேர் மேனர் மைதானத்தில் அடுத்த ரைடர் கோப்பை, அதாவது அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் கோல்ஃப் போட்டி. 1927இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய போட்டிக்கு அது நூறாவது ஆண்டு. டிக்கெட்டுக்குப் பெரிய அடிதடி இருக்கும். டிக்கெட், ஹோட்டல், பேருந்து எல்லாம் சேர்த்துப் பேக்கேஜாக விற்கிறவர்கள் இப்போதே கிளம்பிவிட்டார்கள். யாருக்காவது பணம் அனுப்பும் எண்ணத்தில் இருந்தால், 2025இல் நியூயார்க்கில் எனக்கும் என் அண்ணனுக்கும் நடந்ததைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லாங் ஐலண்டில் இருக்கும் பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் அந்த வருடம் செப்டம்பர் 26 முதல் 28 வரை போட்டி. அதிகாரப்பூர்வ டிக்கெட்டுக்கு முன்பதிவு செய்து குலுக்கலில் பெயர் வர வேண்டும். போட்டி நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 750 டாலர், செவ்வாய், புதன் பயிற்சி நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 255 டாலர், வியாழனுக்கு ஏறக்குறைய 424 டாலர். எங்கள் இருவருக்குமே குலுக்கலில் கிடைக்கவில்லை. நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், அண்ணன் டாலஸில். சின்ன வயதிலிருந்து இரண்டு பேரும் டிவியில் பார்த்து வளர்ந்த போட்டி. இவ்வளவு பக்கத்தில் நடக்கும்போது விட மனமில்லை. அப்புறம்தான் ஒரு பேக்கேஜ் நிறுவனத்திடம் பேசினோம்.

நாங்கள் கேட்டது ஞாயிறு. அதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளியும் சனியும் காலையில் நான்கு ஃபோர்சம்ஸ் ஆட்டம் (ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிப்பார்கள்), மதியம் நான்கு ஃபோர்பால் ஆட்டம் (ஜோடியில் ஆளுக்கொரு பந்து). அத்தனை பெரிய மைதானத்தில் ஒரு நேரத்தில் நான்கே ஆட்டங்கள். கூட்டம் முழுவதும் அந்த நான்கைச் சுற்றியே மொய்க்கும். முன்வரிசையில் இடம் பிடிக்காவிட்டால் தொப்பிகளைத்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்படி இல்லை. இரு அணியிலும் பன்னிரண்டு பேரும் இறங்குவார்கள், ஒருவருக்கு எதிராக ஒருவர் என்று பன்னிரண்டு சிங்கிள்ஸ் ஆட்டம், மைதானம் முழுக்க ஆட்டம் பரவியிருக்கும். கோப்பை யாருக்கு என்று முடிவாவதும் அன்றுதான். இதையெல்லாம் போனில் விளக்கிச் சொன்னோம். விற்பனைப் பிரிவில் பேசியவர், “ஞாயிறுதான், உறுதி” என்று வாயால் சொன்னார். மின்னஞ்சலில் வந்த ஒப்பந்தத்தில் ‘ரைடர் கோப்பை வார அனுமதி, நாள் பின்னர் உறுதி செய்யப்படும்’ என்று இருந்தது. அண்ணன் அதைக் கேட்டபோது, டிக்கெட் எல்லாமே செயலி வழியாகக் கடைசி நேரத்தில்தான் வரும், அதனால் எல்லோருக்கும் இதே வாசகம்தான் என்றார்கள். செயலி வழியாக வரும் என்பது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்தே மற்றதை நம்ப வைத்தார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் டிக்கெட் போனுக்கு வந்தது. அண்ணன்தான் முதலில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “டேய், இதுல வியாழன்னு போட்டிருக்குடா.” வியாழன் பயிற்சி நாள். ஒரு புள்ளிகூட கிடையாது; வீரர்கள் மைதானத்தின் பதினெட்டு ஹோல்களில் (ஒவ்வொன்றும் ஒரு குழியில் முடியும் ஆட்டப் பகுதி) சிலவற்றை ஆடிப் பார்ப்பார்கள், குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் பட் அடித்து, அதாவது பந்தைக் குழிக்குள் தட்டிவிட்டுப் பழகுவார்கள், அவ்வளவுதான். அண்ணன் விமானம் ஏறுவதே வெள்ளி இரவு. ஞாயிறு டிக்கெட் விலைக்கும் மேலே கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு வாங்கிக்கொண்டு, 424 டாலர் டிக்கெட்டை, அதுவும் நாங்கள் பயன்படுத்த முடியாத நாளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

போன் போட்டால், வியாழன் வந்தால் தொடக்க விழாவைப் பார்க்கலாமே என்று சமாதானம். மழை வரும் என்ற முன்னறிவிப்பால் அந்த விழாவைப் புதன்கிழமைக்கே மாற்றியாயிற்று. அது செய்தியிலேயே வந்துவிட்டது. அதைச் சொன்னதும், ஞாயிறுக்கு மாற்ற ஆளுக்கு இவ்வளவு என்று புதிதாக ஒரு தொகை கேட்டார்கள். ஞாயிறு டிக்கெட் கையில் இல்லாதவர்கள் மாற்றித் தருவதாக எப்படிச் சொல்ல முடியும்? அதற்கு மட்டும் எங்களுக்குப் பதில் வரவே இல்லை.

பேக்கேஜில் இருந்த மற்றவையும் இதே லட்சணம்தான். மைதானத்துக்குப் பக்கத்தில் என்ற ஹோட்டல் குவீன்ஸில், ஜேஎஃப்கே விமான நிலையத்தை ஒட்டி இருந்தது. ‘வரம்பில்லாத உணவு’ என்று ஒரு சலுகை போட்டிருந்தார்கள். பெத்பேஜில் எல்லா டிக்கெட்டிலுமே உணவும் மது அல்லாத பானங்களும் அடக்கம். தனிப் பேருந்து என்று காசு வாங்கினார்கள். ஃபார்மிங்டேல் ரயில் நிலையத்திலிருந்து போட்டி அமைப்பாளர்களே பேருந்து விட்டார்கள்.

இவற்றைவிட எனக்குக் கோபம் வந்தது 18ஆவது ஹோல் விஷயத்தில். ‘18ஆவது கிரீன் ஓரம் இருக்கை’ என்று தனியாக ஒரு தொகை சேர்த்திருந்தார்கள். வழக்கமான கோல்ஃப் போட்டியில் எல்லோரும் 18ஆவது ஹோலில்தான் முடிப்பார்கள், அதனால் அந்த இடத்துக்கு மதிப்பு உண்டு. ரைடர் கோப்பையில் ஆடுவது மேட்ச் பிளே, யார் எத்தனை ஹோல் ஜெயித்தார் என்று எண்ணும் முறை; அது அப்படி இல்லை. மீதமுள்ள ஹோல்களைவிட அதிக முன்னிலை வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். 2023இல் ரோம் மார்கோ சிமோனே மைதானத்தில் ஐரோப்பாவின் விக்டர் ஹோவ்லாண்டும் லுட்விக் ஓபெரியும் அமெரிக்காவின் ஸ்காட்டி ஷெஃப்லரையும் புரூக்ஸ் கெப்காவையும் 11ஆவது ஹோலிலேயே முடித்து அனுப்பினார்கள். அன்று 18ஆவது கிரீனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த நால்வரும் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள். சில நாளில் அங்கே நல்ல ஆட்டம் வரும், சில நாளில் வராது. புதிதாகப் பார்க்க வருகிறவரிடம் இதைச் சொல்லாமல் அந்த இருக்கையை விற்பது சரியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அந்த குவீன்ஸ் ஹோட்டல் அறை டிவியில்தான் பார்த்தோம். வெள்ளி, சனி ஆட்டங்கள் முடிந்தபோதே ஐரோப்பா 11.5 புள்ளிக்கு 4.5 என்று முன்னிலையில் இருந்தது, இனி ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹோவ்லாண்டுக்குக் கழுத்து வலி, இறங்க முடியவில்லை. விதிப்படி அவருடைய ஆட்டம் சமன், அணிக்கு அரைப் புள்ளி. அதற்கப்புறம் அமெரிக்கா விடாமல் துரத்தியது. பிரைசன் டிஷாம்போ ஐந்து ஹோல் பின்தங்கியிருந்து ஐரோப்பாவின் ஃபிட்ஸ்பாட்ரிக்கோடு சமன் செய்தார். ஐரோப்பாவுக்கு அன்று முழுப் புள்ளி எடுத்துக் கொடுத்தவர் ஓபெரி ஒருவர்தான். கடைசியில் ஐரோப்பாவின் ஷேன் லவ்ரி அமெரிக்காவின் ரஸ்ஸல் ஹென்லிக்கு எதிராக 18ஆவது கிரீனில் போட்ட பட் கோப்பையை ஐரோப்பாவிடமே இருத்தி வைத்தது. முடிவு 15க்கு 13. அதை நேரில் பார்க்கத்தான் நாங்கள் பணம் கட்டினோம். அண்ணன் அன்று முழுக்க அதிகம் பேசவே இல்லை.

அடேருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிழமையும் தேதியும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். போட்டி நாளா, பயிற்சி நாளா என்பதும் இருக்கட்டும். ‘வாரம்’, ‘அனுபவம்’ என்ற சொற்களுக்குப் பின்னால் எந்த நாளை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். நாள் மாறினால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். போட்டியின் அதிகாரப்பூர்வ தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயண நிறுவனங்களின் பெயர் இருக்கும்; அதில் இல்லாதவர் டிக்கெட் கையில் இருக்கிறது என்றால் எப்படி வந்தது என்று கேளுங்கள். அடேர் சின்ன கிராமம். அறைகள் பெரும்பாலும் லிமெரிக் நகரத்திலோ அதைத் தாண்டியோதான் இருக்கும். அதனால் ஹோட்டலின் பெயரையே கேட்டு வாங்குங்கள், ‘பக்கத்தில்’ என்பதை ஏற்காதீர்கள்.

பணத்தைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். எங்களிடம் முன்பணத்தைக் கார்டில் வாங்கிக்கொண்டு, மீதியை ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் சேவை) வழியாக அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். ஞாயிறு என்று நாங்கள் கேட்டு எழுதிய மின்னஞ்சல்களையும் வியாழன் டிக்கெட்டின் படத்தையும் காட்டியதும் கார்டு தொகையை வங்கி திருப்பிக் கொடுத்துவிட்டது. ஸெல்லில் போனது இன்னும் வரவில்லை. நாமே அனுப்பிய பணம் என்பதால் வங்கி கைவிரித்துவிட்டது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். அது நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. உங்களுக்கு வந்த ஒப்பந்தத்தில் நாள் பற்றிய வரி சந்தேகமாக இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், எங்களுக்கு வந்ததோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.