அடர்த்தியா, முறிவா? கண்ணாடி எலும்பு நோய்க்கான சிகிச்சைகள் ஓர் ஒப்பீடு

2025 டிசம்பர் இறுதியில் வந்த அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. கண்ணாடி எலும்பு நோயாளிகளின் குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் காத்திருந்த செட்ருசுமாப் என்ற மருந்து, இரண்டு மூன்றாம் கட்டப் பரிசோதனைகளிலும் முதன்மை இலக்கைத் தவறவிட்டது. எலும்பின் அடர்த்தி நன்றாகவே உயர்ந்திருந்தது. ஆனால் முறிவுகள் குறைந்தனவா என்ற கேள்விக்குப் புள்ளியியல் 'ஆம்' என்று சொல்ல மறுத்துவிட்டது.

எலும்பு அடர்த்தியானால் உடைவது குறையத்தானே வேண்டும்? இந்த நோயில் அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு ஒப்பிடும்போது நம்மைத் திரும்பத் திரும்ப ஏமாற்றுவது இந்த இடம்தான். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு சிகிச்சையிடமும் கேட்கப்போவது ஒரே கேள்வி: கூடியது எது, குறைந்தது எது?

நோயின் மருத்துவப் பெயர் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. கான்கிரீட் தூணில் கம்பியும் சிமென்ட்டும் இருப்பதைப்போல எலும்பில் கொலாஜென் என்ற புரதமும் கால்சியத் தாதுவும் இருக்கின்றன. கொலாஜென் மூன்று இழைகளை முறுக்கிய கயிறு. அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். முறுக்கின் உள்பக்கத்தில் வேறெதற்கும் இடம் கிடையாது. மரபணுப் பிழையால் அங்கே பெரிய அமினோ அமிலம் ஒன்று வந்து உட்கார்ந்தால் முறுக்கு கெடுகிறது.

பிழை இரண்டு விதமாக வெளிப்படுகிறது. முதல் வகை நோயில் மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்வதில்லை. உடம்பில் இருப்பதெல்லாம் நல்ல கயிறுதான், ஆனால் பாதியளவே இருக்கிறது. இது மிதமான நோய். மூன்றாம், நான்காம் வகைகளில் கெட்ட இழையும் உற்பத்தியாகி நல்ல இழைகளோடு சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது. ஒரு கயிற்றில் ஆல்ஃபா-1 இழைகள் இரண்டு இருப்பதால், அந்த இழைக்கான மரபணுவின் ஒரு பிரதி மட்டும் கெட்டிருந்தாலும் முக்கால்வாசிக் கயிறுகளில் குறைந்தது ஒரு கெட்ட இழை இருக்கும். கையில் மருந்தாக இருப்பவை எல்லாம் சிமென்ட்டையும் தூணின் பருமனையும் கூட்டுபவை. கம்பியை மாற்றுவது ஒன்றுகூட இல்லை. அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவியும் சிமென்ட்டைத்தான் எண்ணுகிறது. கம்பி அதன் கண்ணுக்குத் தெரியாது.

பழைய குதிரைகள்

எலும்பை அரிக்கும் செல்களை முடக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளின் கதை கனடாவின் மான்ட்ரியால் நகரில் உள்ள ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்குகிறது. பிரான்சிஸ் குளோரியூ குழுவினர் கடுமையான நோய் கொண்ட 30 சிறுவர்களுக்கு, அவற்றில் ஒன்றான பாமிட்ரோனேட்டை நரம்பு வழியாகக் கொடுத்து, முடிவுகளை 1998-இல் வெளியிட்டார்கள். அடர்த்தி ஆண்டுக்குச் சராசரியாக 41.9 சதவீதம் ஏறியது. முறிவுகள் ஆண்டுக்கு 1.7 குறைந்தன. 16 பேரின் நடமாட்டம் முன்னேறியது. அதுவரை ஃபுளோரைடு, கால்சிடோனின் என்று எதையெதையோ முயன்று பலன் காணாத துறைக்கு இது மழை பெய்ததைப் போலிருந்தது.

ஆனால் அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. இந்த நோயில் வயது ஏற ஏற, பருவமடைந்த பிறகு குறிப்பாக, முறிவுகள் தாமாகவே குறைவது வழக்கம். குறைந்ததில் மருந்தின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. முடிவுகள் அவ்வளவு நன்றாக இருந்ததால், கடும் நோயுள்ள குழந்தைக்கு வெறும் உப்பு நீரை ஏற்றிச் சோதிக்க அதன்பின் எவருக்கும் மனம் வரவில்லை. வெற்றியே சான்றுக்குத் தடையாகிவிட்டது.

இதே குடும்பத்து மாத்திரைகள் போலி மருந்தோடு, அதாவது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு, நேருக்கு நேர் நின்றன. 139 குழந்தைகளிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த அலெண்ட்ரோனேட் பரிசோதனையில் அடர்த்தி ஏறியது, முறிவுக் கணக்கில் தெளிவான வேறுபாடு இல்லை. 2013-இல் வெளியான ரிசெட்ரோனேட் பரிசோதனை அதைவிட நம்பிக்கை தந்தது. முதல் ஆண்டில் போலி மருந்து எடுத்தவர்களில் 49 சதவீதத்தினருக்கு முறிவு ஏற்பட்டது, மருந்து எடுத்தவர்களில் 31 சதவீதத்தினருக்கு. ஒரே குடும்பத்து மருந்துகள், ஆனால் இரண்டு விதமான பதில்கள். 14 பரிசோதனைகளை, 819 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வும் இதைத்தான் சொன்னது: அடர்த்தி கூடுவது உறுதி, முறிவு குறைவது அந்த அளவுக்கு உறுதியில்லை.

அப்படியானால் இவை வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. அடர்த்தி எண்ணை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது முதுகெலும்பு. நசுங்கித் தட்டையாகிப்போன முள்ளெலும்புகள், வளரும் வயதில் மருந்து கிடைத்தால், மெல்ல உயரம் பெற்று வடிவத்துக்குத் திரும்புகின்றன. இதை எக்ஸ்ரேயில் கண்ணால் பார்க்கலாம். வளர்ச்சி நின்றபின் இந்த வாய்ப்பு இல்லை. அதே எக்ஸ்ரேயில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும்போதும் எலும்பின் நுனியில் ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது. மர வளையத்தை எண்ணுவதுபோலக் குழந்தை எத்தனை தவணை மருந்து எடுத்தது என்று எண்ணிவிடலாம்.

நரம்பு வழி மருந்துகளுக்குள் பாமிட்ரோனேட்டா, சோலெட்ரோனேட்டா என்றால், நம் ஊர்க் குடும்பங்களுக்கு நான் சோலெட்ரோனேட் பக்கம்தான். பாமிட்ரோனேட்டுக்கு ஒவ்வொரு தவணையும் மூன்று நாட்கள், நாளுக்குச் சில மணி நேரம், அதுவும் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை. சோலெட்ரோனேட் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தினக்கூலி வாங்கும் அப்பாவுக்கு இந்த வித்தியாசம் டெக்ஸா அறிக்கையின் தசமப் புள்ளிகளை விடப் பெரியது. கைக்குழந்தைகளில் மட்டும் பாமிட்ரோனேட்டின் அனுபவம் நீண்டது. இரண்டிலும் முதல் தவணையில் காய்ச்சலும் உடல்வலியும் வரும், ரத்தத்தில் கால்சியம் இறங்கும். வைட்டமின் டி அளவைச் சரிசெய்யாமல் மருந்து ஏற்றுவது ஆபத்து.

புதிய குதிரையும் அது இடறிய இடமும்

செட்ருசுமாப் வேறு தத்துவம். பிஸ்பாஸ்போனேட் எலும்பை அரிக்கும் செல்களை முடக்குகிறது. செட்ருசுமாப் புது எலும்பு கட்டுவதற்கு உடம்பு போட்டிருக்கும் பிரேக்கை விடுவிக்கிறது. அந்த பிரேக்கின் பெயர் ஸ்கிளிரோஸ்டின். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கானர் மக்களிடையே எலும்பு அளவுக்கு மீறித் தடித்துப்போகும் ஓர் அரிய பரம்பரை நோய் உண்டு. அவர்களுக்கு இல்லாத புரதம் எது என்று தேடிப்போனதில் கிடைத்தது இது. ஓரிடத்தில் நோயாக இருப்பதை இன்னோரிடத்தில் மருந்தாக்கும் யோசனை அழகானது.

இரண்டாம் கட்டத்தில் 24 பேரிடம், மருந்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளோடு ஒப்பிட்டபோது, முறிவு விகிதம் 67 சதவீதம் குறைந்ததாக அறிவித்தார்கள். நானும் அன்று மகிழ்ந்தேன். ஆனால் 'முன்பு - பின்பு' ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு குடும்பம் எப்போது பரிசோதனையில் சேரும்? குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு மூன்று எலும்புகள் உடைந்த ஆண்டில்தான். சேர்வதற்கே அண்மையில் முறிவு இருந்திருக்க வேண்டும் என்றும் விதி வைப்பார்கள். மிக மோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, மருந்து இல்லாவிட்டாலும் கொஞ்சம் மேலாகவே இருக்கும்.

மூன்றாம் கட்டத்தில் அந்தப் பொறிக்கு இடமில்லை. 5 முதல் 25 வயது வரையிலான ஏறக்குறைய 160 பேரைச் சேர்த்த 'ஆர்பிட்' பரிசோதனையில் மாதம் ஒருமுறை செட்ருசுமாப் போலி மருந்தோடு மோதியது. சிறு குழந்தைகளுக்கான 'காஸ்மிக்' பரிசோதனையில் நரம்பு வழி பிஸ்பாஸ்போனேட்டோடு மோதியது. ஆர்பிட்டில் போலி மருந்துக் குழுவிலேயே முறிவுகள் எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருந்தன. எதிராளி ஓட்டமே எடுக்காதபோது நீங்கள் எத்தனை ஓட்டத்தில் ஜெயித்தீர்கள் என்று காட்ட முடியாது. காஸ்மிக்கில் குறைவின் சாயல் தெரிந்தும் புள்ளியியல் எல்லையை அது தாண்டவில்லை. இரண்டிலும் அடர்த்தி மட்டும் குறையில்லாமல் ஏறியது.

மருந்து தோற்றதா, அளவுகோல் தோற்றதா என்று இனி நெடுநாள் வாதம் நடக்கும். என் கருத்து, இரண்டிலும் கொஞ்சம். ஒழுங்கற்ற கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு எலும்பைக் கூட்டினாலும் ஓரளவுக்கு மேல் பலன் இராது என்பதை இந்த முடிவு மறுக்கவில்லை.

புது எலும்பு கட்டுவதைத் தூண்டும், பெரியவர்களுக்கான டெரிபாராடைடு என்ற ஊசி மருந்து இதை முன்பே கோடி காட்டியது. 2014-இல் வெளியான ஆய்வில் 79 பெரியவர்கள் 18 மாதங்கள் தினமும் ஊசி போட்டார்கள். முதல் வகை நோயாளிகளுக்கு, அதாவது நல்ல கயிறு குறைவாக உள்ளவர்களுக்கு, அடர்த்தி தெளிவாகக் கூடியது. மூன்றாம், நான்காம் வகையினருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. முறிவுகளில் வேறுபாடு இல்லை. மிக அதிகம் தேவைப்படுபவர்களுக்கே கை கொடுக்காத மருந்து.

எலும்பு அரிப்பைத் தடுக்கும் இன்னொரு ஊசி மருந்தான டெனோசுமாப் பற்றி ஒரு வரி போதும்: குழந்தைகளில் மருந்தின் வேகம் தணியும்போது எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குக் கொட்டுகிறது, ஆகவே பிஸ்பாஸ்போனேட்டுக்குச் சரியாக இணங்காத ஆறாம் வகை போன்ற அரிதான நிலைமைகளைத் தவிர அதை நாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கம்பியையே மாற்றும் முயற்சி

1999-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர செயின்ட் ஜூட் மருத்துவமனையில் ஹார்விட்ஸ் குழுவினர் மூன்று குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு மஜ்ஜையில் இருக்கும், எலும்புச் செல்லாக வளரக்கூடிய மீசன்கைமல் செல்களை மட்டும் ஆறு குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். வளர்ச்சி வேகம் கூடியது, ஆனால் எலும்பில் தங்கிய புதிய செல்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சுவீடனில் 32 வாரக் கருவுக்கு வயிற்றிலேயே செல் செலுத்தினார்கள். பிறந்த பிறகு எடுத்த எலும்புத் துணுக்கில் கொடையாளியின் செல்கள் ஓர் அளவீட்டின்படி 0.3 சதவீதம். இவ்வளவு சிறிய கூட்டம் எப்படி வேலை செய்கிறது, செய்கிறதா என்பதே புதிர். அவை சுரக்கும் பொருட்கள் பக்கத்துச் செல்களைத் தூண்டுவதாகவும் கருதுகிறார்கள்.

அந்த சுவீடன் வழித்தடம் நேராக வேலூருக்கு வருகிறது. கரோலின்ஸ்கா நிறுவனத்தோடு இணைந்து கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 'பூஸ்ட்-டு-பி' என்ற பரிசோதனை, பிறந்த பிறகு குழந்தைகளுக்கு இந்தச் செல்களைக் கொடுப்பதை ஆராய்கிறது. தொடக்க நிலைப் பரிசோதனை என்பதால் அதன் முதல் கேள்வி பாதுகாப்புதான். முறிவுக் கணக்கை அதற்கு அப்புறம்தான் பார்க்க வேண்டும். நகரங்களில் விளம்பரப் பலகை வைத்து 'ஸ்டெம் செல் சிகிச்சை' விற்பவர்களை இதோடு சேர்த்து நினைக்க வேண்டாம். இந்த நோய்க்கு அனுமதி பெற்ற பரிசோதனைக்கு வெளியே அப்படிக் கொடுக்க இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் இடமில்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்வது பரிசோதனையும் ஆகாது.

மரபணு வழியில் இன்னொரு யோசனை இருக்கிறது. கெட்ட பிரதியைத் திருத்த வேண்டாம், வாயை அடைத்தால் போதும். அப்போது கடுமையான நோய் பாதிக் கயிறு கொண்ட மிதமான முதல் வகையாக மாறும். 2004-இலேயே நோயாளிகளின் செல்களை எடுத்து ஆய்வகத் தட்டில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். தட்டிலிருந்து தொடை எலும்புக்குப் போகும் பாதைதான் இன்னும் போடப்படவில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே இருப்பது உலோகத் தண்டு. வளைந்த எலும்பைத் துண்டுகளாக வெட்டி, கபாப் கம்பியில் கோப்பதைப்போலத் தண்டில் கோத்து நிமிர்த்தும் முறையை சோஃபீல்டும் மில்லரும் 1959-இல் எழுதினார்கள். இன்றைய ஃபாசியே-டுவால் தண்டு குழந்தை வளர வளரத் தானும் நீள்வது. இங்கே அடர்த்திக் கணக்கு எதுவும் கிடையாது. நிமிர்ந்த கால் நிற்கிறது, அவ்வளவுதான். எலும்பை வெட்டிய இடம் ஒட்டிச் சேருவதை பிஸ்பாஸ்போனேட் தாமதப்படுத்தலாம் என்பதால் அறுவை மருத்துவரும் மருந்து கொடுப்பவரும் தவணை நாளைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் இது தவறுவதுண்டு.

ஆகவே இன்று கடும் நோயோடு வரும் குழந்தைக்கு என் வரிசை: நரம்பு வழி பிஸ்பாஸ்போனேட், வளைந்த கால்களுக்குத் தண்டு, தண்ணீரிலும் தரையிலும் இயன்முறைப் பயிற்சி. ஆண்டுக்கு ஒரு முறிவுகூட இல்லாத முதல் வகைக் குழந்தை என்றால், முள்ளெலும்புகள் நசுங்காதவரை, மருந்தே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். பெரியவர்களுக்கு எந்த மருந்தையும் உறுதியோடு பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை.

அடுத்த பரிசோதனையில் சேர அழைப்பு வந்தால், கையெழுத்துப் போடும் முன் அம்மா கேட்க வேண்டியவை சில: என் பிள்ளையை யாரோடு ஒப்பிடப் போகிறீர்கள்? இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்வீர்களா? எந்த முறிவை எண்ணுவீர்கள்? செட்ருசுமாபின் 67 சதவீதக் கணக்கில் விரல், மண்டை, முகம் ஆகியவற்றின் முறிவுகள் சேரவில்லை.