நகரா விசையைத் ‘திருத்தி’க் கெடுத்துவிட்டார்கள்

திருகோணமலையில் தமிழ் ரைப்ரைட்டர் வைத்திருப்பவர்கள் திருத்தக் கொடுக்க முதல் இதை வாசியுங்கோ.

மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு முன்னால் இருந்து அப்பா பெட்டிசம் அடித்த றெமிங்டன் அது. போன மாதம் கரியேஜை, தாளைத் தாங்கி நகருகிற அந்தப் பகுதியை, இழுக்கிற நாடா அறுந்துவிட்டது. பழுது அது ஒன்றுதான். டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். “ரெண்டு கீ அடிச்சா கரியேஜ் நகருதில்ல, அதையும் சேர்த்துச் செய்து தாறம்” என்று போனில் சொன்னார்கள். நாடா அறுந்ததைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சரி என்றேன். அது என் பிழை.

பத்து நாள் கழித்து 14,500 ரூபா கட்டி எடுத்து வந்து ‘அம்மா’ என்று அடித்தேன். புள்ளி தனியாக ஒரு இடத்தில் நிற்க, ம் வரவேண்டிய இடத்தில் வெறும் ம.

தமிழில் 247 எழுத்து. அத்தனைக்கும் விசை வைக்க இடமில்லை. அதனால்தான் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா நகரா விசையோடு, அதாவது அடித்தாலும் கரியேஜை நகர்த்தாத விசையோடு, விசைப்பலகை அமைத்தார். புள்ளியை அடித்தால் கரியேஜ் அசையக்கூடாது. பிறகு ம அடித்தால் அந்தப் புள்ளிக்குக் கீழேயே விழும், அப்போதுதான் கரியேஜ் நகரும். இங்கிலீஷ் மிஷின் மட்டும் பழகியவருக்கு அது பழுதாகத் தெரிந்திருக்கிறது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். புள்ளிக்கும் இகரக் குறிக்கும் (ி) உரிய கம்பிகளின் அடியில் சின்னத் தகடு வைத்து ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். ஈயம் பக்கத்துக் கம்பியிலும் வழிந்து கிடக்கிறது.

பில்லில் ‘ஒறிஜினல் நாடா’ என்று இருந்தது. உள்ளே இருந்தது தங்கூசி, மீன் பிடிக்கிற அதே தங்கூசி! அது இழுபடும், முடிச்சும் வழுக்கும். மூன்றாம் நாளே கழன்றுவிட்டது.

திரும்பப் போனேன். “பழைய மிஷின் தம்பி, இதுக்கு மேல என்ன செய்யேலும்?” என்றார்கள். ஒரு சதமும் திருப்பித் தரவில்லை.

கொடுக்க முதல் எல்லா விசையையும் ஒரு தாளில் அடித்து வையுங்கோ. எந்த விசை நகரக்கூடாது என்று அதிலேயே எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கோ. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கோ. நகரா விசை என்றால் என்ன என்று கேளுங்கோ. முழித்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கோ.

கம்பி வளையாமல் அந்த ஈயத்தை எடுக்கத் தெரிந்தவர்கள் மூதூர், கிண்ணியா, மட்டக்களப்பு எங்கே இருந்தாலும் சொல்லுங்கோ, நானே கொண்டு வருகிறேன்.