‘கரண்ட் பில் பாதியாகும்’ என்று ஹீட்டர் விற்க வருகிறார்கள்: வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள்

சொந்த ஊர் வீட்டில் ஆத்தா அப்பச்சியோ, ஆயா ஐயாவோ தனியாக இருக்க, பிழைப்புக்காக வெளியூரில் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கார்த்திகை கடைசியில் ஒரு சின்ன வேனில் வந்து, வீடு வீடாக ஏறி, ரூம் ஹீட்டரும் ‘பவர் சேவர்’ பெட்டியும் விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஏமாற்றப்பட்டவர்கள் என் ஆத்தாவும் பெரியாத்தாவும். இரண்டு பேருக்கும் எழுபத்தைந்துக்கு மேல். எங்கள் தெருவிலேயே இன்னும் சில வீடுகளில் அதே பெட்டி சுவரில் பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது.

செட்டிநாட்டில் ஹீட்டரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வருடத்தில் பத்து மாதம் வெயிலில் காயும் ஊர்தான். ஆனால் மார்கழி, தை விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே எங்கள் வீடுகளில் வயதானவர்களுக்குத் தாங்காது. இந்த வீடுகள் எல்லாம் வெயிலுக்காகக் கட்டியவை. ஆளுயரத்துக்கு மேலே இன்னும் ஓர் ஆள் நிற்கலாம் போன்ற உயரம், கனத்த சுண்ணாம்புச் சுவர், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வாசலுக்கு நேர் வாசல், நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி வளவு என்கிற கூடம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை சித்திரையில் காலுக்குச் சுகம்; மார்கழியில் அதே கல்லில் கால் வைத்தால் முழங்கால் வரை சில்லென்று ஏறும். பெரியாத்தாவுக்கு வீசிங் உண்டு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் வந்து விற்றிருக்கிறார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். கழுத்தில் அட்டை, கையில் அச்சடித்த நோட்டீஸ். முதல் கேள்வியே, “ஆச்சி, பிள்ளைக எங்கே இருக்காக?” என்பதுதான். ஆத்தா சொல்லியிருக்கிறார். அப்புறம் பேச்சு வளர்ந்திருக்கிறது. “இந்த ஹீட்டர் வெறும் 400 வாட்தான், வளவு முழுக்கச் சூடாயிரும். கூடவே இந்தப் பெட்டியை மாட்டிட்டா கரண்ட் பில் பாதியாயிரும். ஈ.பி.யிலயே ஒத்துக்கிட்டது.” ஹீட்டர் 6,800 ரூபாய். பெட்டி 2,500 ரூபாய். நம்ப வைக்க ஒரு வித்தையும் காட்டியிருக்கிறார்கள். அந்த வித்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படித்தவர்களும் அதில்தான் ஏமாறுகிறார்கள்.

பின்கட்டில் கிணற்று மோட்டாரை ஓடவிட்டு, ஒயரைச் சுற்றிக் கவ்வுகிற ஒரு மீட்டரை மாட்டினார்களாம். அதில் ஆம்பியர் ஓர் எண் காட்டியது. பெட்டியைப் பிளக்கில் செருகியதும் எண் இறங்கியது. “பாத்தீகளா ஆச்சி, கரண்ட் குறையுது.” ஆத்தா கண்ணால் பார்த்தது உண்மை. அந்த எண் உண்மையிலேயே இறங்கும். பெட்டிக்குள் இருப்பது ஒரு கெபாசிட்டர். மோட்டார் மாதிரி காயில் உள்ள பொருள்கள், வேலைக்குப் பயன்படாமல் வெறுமனே போய் வந்துகொண்டிருக்கும் கொஞ்சம் மின்னோட்டத்தையும் இழுக்கும். அந்தப் பகுதியைக் கெபாசிட்டர் பக்கத்திலிருந்தே கொடுத்துவிடுவதால் ஒயரில் ஆம்பியர் குறையும். ஆனால் நம் வீட்டு ஈ.பி. மீட்டர் பில்லுக்காகக் கணக்கு வைப்பது அந்தப் பகுதியை அல்ல. உண்மையில் செலவான கிலோவாட் மணியை மட்டும், அதாவது யூனிட்டை. அது பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற மின்னோட்டத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு, குறைந்தால் அபராதம் கட்டுகிற பெரிய மில்லுக்கும் தொழிற்சாலைக்கும் கெபாசிட்டர் பேங்க் தேவை. வீட்டுக்கு அதனால் ஒரு பைசா மிச்சம் இல்லை. ஹீட்டருக்கோ அதில் கொஞ்சமும் வேலை கிடையாது. ஹீட்டரில் வீணாய்ப் போய் வரும் மின்னோட்டமே இல்லை.

தை முடிந்து பில் வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்டை ஒட்டி, இருநூறு ரூபாய்க்குள் கட்டி வந்த வீடு. இந்தத் தடவை 3,500 ரூபாயைத் தொட்டிருந்தது. ஆத்தா மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பெட்டி மாட்டியிருக்கிறதே, பில் எப்படி ஏறும் என்பது அவருடைய நியாயமான கேள்வி.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பியை அழைத்து வந்தேன். அவர் செய்த சோதனை எவரும் வீட்டில் செய்யக்கூடியது. மெயினில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போட்டார். ஈ.பி. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். மீட்டரின் முகப்பிலேயே எத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. ஒரு நிமிடம் எண்ணினோம். 400 வாட் ஹீட்டர் என்றால் ஒரு நிமிடத்தில் 21 தடவைதான் மின்ன வேண்டும். 50-ஐத் தாண்டியது. பெட்டியைச் செருகி எண்ணினோம், கழற்றிவிட்டு எண்ணினோம். அதே எண்ணிக்கை. ஹீட்டரைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ‘400 வாட்’ என்று பளபளப்பாக ஒரு ஸ்டிக்கர். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தார். அதற்கு அடியில் தகரத்தில் அச்சிட்டிருந்தது 1000 வாட்.

1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் எட்டு யூனிட். மார்கழி, தை இரண்டு மாதமும் தினமும் ஓடினால் 480 யூனிட். ஏற்கெனவே ஆகிற 180-ஐச் சேர்த்தால் 660. நம் ஊர் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் கணக்கு என்பதும், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளில் கொஞ்சத்துக்கும் விலை கூடிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. அதனால்தான் யூனிட் நாலு மடங்கு ஆகாதபோதே பில் பதினைந்து மடங்குக்கு மேல் போனது.

இவ்வளவு செலவழித்தும் குளிர் போனதா? இல்லை. போகவும் செய்யாது. வளவில் அந்த ஹீட்டரை வைப்பது கம்மாய்க்குள் ஒரு குடம் வெந்நீரை ஊற்றுவது போல. சூடான காற்று மேலே ஏறி முற்றத்து வழியாக வானத்துக்குப் போய்விடும். பக்கத்து அறைக்குள் வைத்தாலும் அத்தனை உயரத்தில் உத்தரத்துக்குத்தான் சூடு. தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவருக்கு இல்லை.

‘குறைந்த கரண்டில் அதிகச் சூடு’ என்று எந்த ஹீட்டரை யார் விற்றாலும் நம்பாதீர்கள். காயில், ஹாலஜன், செராமிக், ஆயில் என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு வருகிற சூடு ஒன்றேதான். எவ்வளவு சீக்கிரம் சூடாகிறது, சூடு நேரே மேலே படுகிறதா அறைக்குள் பரவுகிறதா என்பதில்தான் வித்தியாசம். சூடும் தருகிற ஏ.சி. மட்டும் வேறு கணக்கு. அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியில் இருக்கிற சூட்டை உள்ளே கடத்துகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்குக் கூடுதலாகத் தரும். ஆனால் முற்றம் திறந்த வீட்டுக்கு அதுவும் ஆகாது.

பணம் போனதைவிட எனக்கு நெஞ்சு பதறியது பிளக்கைப் பார்த்தபோதுதான். ஹீட்டரின் முன்பக்கம் இரும்பு வலை. ஒயரோ மெல்லிசு, இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. சொருகியிருந்த சாக்கெட் ஓரத்தில் பழுப்பேறி, கருகல் வாடை அடித்தது. அந்தப் பக்கத்து ஒயரிங் ஐயா காலத்தில் மரச்சட்டத்துக்குள் ஓட்டியது. தலைமாட்டில் கொசுவலை. ராத்திரி முழுக்க இரண்டு வயதானவர்கள் அதற்குப் பக்கத்தில் தூங்கியிருக்கிறார்கள். ரூம் ஹீட்டரை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் செய்தது, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். எங்கள் ஹீட்டரில் முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை.

நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். முதல் தடவை, “சூடாகுதுல்ல சார், அப்புறம் என்ன?” என்றார்கள். ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னதும் லைனைத் துண்டித்தார்கள். அதற்குப் பிறகு அந்த எண் எடுபடவே இல்லை. ஆத்தாவிடம் கொடுத்திருந்த சீட்டைப் பார்த்தேன். மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சு, கீழே பென்சிலில் தொகை. கடையின் முகவரி இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. வாரண்டி அட்டையில் பொருளின் எண்ணுக்கான இடம் காலி.

அந்தச் சீட்டில் இன்னொரு வரி இருந்தது. ‘பழைய பாய்லர், கழிவு 2,000.’ அப்போதுதான் பின்கட்டுக்கு ஓடிப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் செப்பு பாய்லர் அங்கே இல்லை. நடுக்குழாயில் கொட்டாங்குச்சியும் கரியும் போட்டால் அரை மணியில் வீட்டுக்கே குளிக்க வெந்நீர் தருகிற பாய்லர். அப்பத்தா காலத்திலிருந்து மார்கழி முழுக்க எரிந்தது. “இனிமே இது எதுக்கு ஆச்சி, புகை உங்களுக்கு ஆகாது” என்று சொல்லித் தூக்கியிருக்கிறார்கள். கனத்த செம்பு; எடைக்குப் போட்டாலே அந்த 2,000-ஐவிட மிக அதிகம் வரும். பழைய சாமான் கடையில் அதன் விலையே வேறு. ஹீட்டர் விற்பது ஒரு சாக்கு, வீட்டுக்குள் நுழைந்து பழைய பித்தளை, செம்பு, மரச் சாமானை நோட்டம் விடுவதுதான் நோக்கமோ என்று எனக்கு இப்போது பலமான சந்தேகம். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பித்தளை அண்டாவைக் கேட்டிருக்கிறார்கள். அவர் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்களாம்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சீட்டு, நோட்டீஸ், உரித்த ஸ்டிக்கர், ஹீட்டரின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்கினோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்திருக்கிறோம். விற்றவரின் பெயரும் முகவரியும் கிடைத்துவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அந்த முகவரிதான் எங்களிடம் இல்லை. உங்கள் வீட்டில் வாங்கியிருந்து, முகவரி உள்ள பில்லோ, ஆன்லைனில் பணம் அனுப்பிய விவரமோ, வேன் எண்ணோ இருந்தால் அதை வைத்து நீங்களும் புகார் கொடுங்கள். பல ஊர்களிலிருந்து புகார் போனால்தான் ஆளைப் பிடிக்க முடியும். பெட்டியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், அது சாட்சி. ஹீட்டரை மட்டும் இன்றே பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

குளிருக்கு இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். அறையைச் சூடாக்குவதை விட்டுவிட்டு ஆளைச் சூடாக வைத்துக்கொள்கிறோம். இரண்டு பேரையும் வளவை ஒட்டிய பெரிய அறையிலிருந்து இரண்டாங்கட்டில் இருக்கும் சின்ன அறைக்கு மாற்றினோம். முற்றத்துக்குத் திறக்கும் கதவை ராத்திரி சாத்தி, அடியில் இருக்கும் இடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி வைக்கிறோம். மேலே ஒரு ஜன்னல் மட்டும் லேசாகத் திறந்திருக்கும். வீசிங் உள்ளவருக்கு அது வேண்டும். தரைப் படுக்கை நின்று கட்டில் வந்தது. கட்டிலில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து மேலே மெத்தை. கீழேயிருந்து ஏறுகிற குளிருக்குத்தான் முதலில் தடை வேண்டும் என்பதை இதில் நன்றாக உணர்ந்தோம். காலுக்குச் சாக்ஸ், தலைக்குக் குல்லா, போர்வைக்குள் கால்மாட்டில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை. பையில் கொதிக்கிற நீரை ஊற்றக் கூடாது, சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சூடு உறைக்காது, கொப்பளித்துவிடும். குளியலை எட்டு மணிக்கு மேல், முற்றத்தில் வெயில் விழுந்த பிறகு வைத்துக்கொண்டார்கள். செலவென்று பார்த்தால் வெந்நீர்ப் பைக்குக் கொடுத்த சில நூறு ரூபாய்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஹீட்டரை எடுத்ததும் உறவில் ஒருவர், கும்முட்டியில் கரித்தணலைப் போட்டு அறைக்குள் வைக்கலாமே என்றார். வைக்கவே கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர்களுக்கும் அங்கே வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இடுப்பளவு உயரச் செப்பு பாய்லர், குழாய் மட்டும் பித்தளை, ஒரு கால் ஒடிந்து இரும்பில் பற்றவைத்திருக்கும். மூடியின் விளிம்பில் எங்கள் வீட்டு விலாச எழுத்துகள், அதாவது குடும்ப இனிஷியல், வெட்டியிருக்கும். அந்த எழுத்துகளை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. அதைச் சொல்லித்தான் எங்களுடையது என்று காட்ட வேண்டும். கண்ணில் பட்டால் உடனே தெரிவியுங்கள். கடைக்காரர் கொடுத்த விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறோம், யார் கொண்டுவந்து போட்டார்கள் என்ற விவரம் மட்டும் எங்களுக்கு வேண்டும்.