ஜப்பானில் யார் வீட்டில் தங்கலாம்? பண்ணை வீடு, மின்ஷுக்கு, கோயில் விடுதி, நகரத்துக் குடும்பம்: ஓர் அலசல்

ஜப்பானிய வீட்டு வாழ்க்கையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும் என்று இணையத்தில் தேடினால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு வகை இடங்கள் 'ஹோம்ஸ்டே' என்ற பெயரில் வரிசைகட்டி நிற்கும். எல்லாவற்றிலும் தாதாமி பாய் உண்டு, யுகாதா உடுத்திய படமும் உண்டு. வித்தியாசம் ராத்திரிச் சாப்பாட்டில்தான் தெரியும். சமைப்பது யார், உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது யார் என்று முதலில் கேளுங்கள். விலையும் வசதியும் அதற்குப் பிறகு.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வருவது பண்ணை வீட்டில். ஜப்பானில் இதை நோஹாகு என்பார்கள். கியூஷூ தீவின் ஓயிதா மாகாணத்தில் உள்ள அஜிமு இதற்கு முன்னோடி. திராட்சைத் தோட்டங்களும் நெல்வயல்களும் நிறைந்த அந்த ஊரில் 1996இல் விவசாயக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கத் தொடங்கின. ஒரு முறை தங்கினால் தூரத்துச் சொந்தம், பத்து முறை தங்கினால் நெருங்கிய சொந்தம் என்பது அங்குள்ளவர்கள் சொல்வது. விடுதி உரிமம் வாங்க விருந்தினர் அறைகள் மட்டும் 33 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது பழைய விதி; குடியிருக்கும் வீட்டில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? 2002இல் ஓயிதா மாகாணம் விதிகளைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டு விவசாய, மீனவக் குடும்பங்களுக்கு நாடு முழுவதும் அந்த நிபந்தனை நீங்கியது.

பண்ணை வீட்டில் போன உடனே கையில் ஏப்ரனும் கத்தியும் கொடுப்பதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. விருந்தினருக்குச் சமைத்துப் பரிமாறிக் காசு வாங்கினால் தனி உணவு உரிமம் வேண்டும், பல ஊர்களில் அதற்கென்று தனிச் சமையலறையும் கட்ட வேண்டும். விருந்தினரும் சேர்ந்து சமைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் பல வீடுகளில் 'சேர்ந்து சமைப்பது' நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கும். கோபோ என்ற நீளமான கிழங்கின் தோலைக் கத்தியின் முதுகால் சுரண்டி, கறுக்காமலிருக்க உடனே தண்ணீரில் போடச் சொல்வார்கள். ஓனிகிரி என்ற சோற்று உருண்டையைப் பிடிக்கும்போது கையை நனைத்து, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உப்பு தடவி, சூடான சோற்றை மூன்று நான்கு முறை லேசாக அழுத்தித் திருப்பினால் போதும். கொழுக்கட்டை போல இறுக்கிப் பிடித்தால் பருக்கை நசுங்கிக் களியாகிவிடும். மொழி தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல பேச்சு கிடையாது.

வீட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஊர் அலுவலகம்தான் ஒதுக்கும். அதனால் ஒவ்வாமை, நாய் பூனைக்குப் பயம், தரையில் உட்கார முடியாத முழங்கால் என்று எல்லாவற்றையும் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். மே, ஜூனில் நடவு, செப்டம்பர், அக்டோபரில் அறுவடை, நவம்பரில் பெர்சிமன் பழத்தைத் தோல் சீவிக் கயிற்றில் தொங்கவிடுவது என்று பருவத்துக்கு ஒரு வேலை இருக்கும். ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் நாட்களிலும் புத்தாண்டிலும் சொந்தபந்தம் வீட்டில் கூடிவிடுவதால் பலர் விருந்தினரை ஏற்பதில்லை. சாப்பாட்டோடு ஒரு இரவுக்குத் தலைக்கு 9,000 முதல் 14,000 யென் வரை ஆகும். ஒரே இரவு என்றால் போகாமலே இருக்கலாம்: முதல் நாள் இரு பக்கமும் கூச்சம், இரண்டாம் நாள்தான் வீடு இயல்புக்கு வரும். பேருந்து அரிதான ஊர்களில் அவர்களே மூன்று நான்கு மணிக்குக் காரில் வந்து கூட்டிப்போவார்கள். ரயிலைத் தவறவிட்டு ஆறு மணிக்கு இறங்கினால் அன்றைய சமையல், குளியல், தூக்கம் எல்லாமே குலைந்துபோகும்.

குளியலில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வார்கள். தொட்டித் தண்ணீர் ஒன்றுதான், அதில் வீடே குளிக்கும். தொட்டிக்கு வெளியே சிறு ஸ்டூலில் உட்கார்ந்து சோப்பு போட்டு, நுரை முழுதும் போகக் கழுவிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். தண்ணீர் 40 முதல் 42 டிகிரி இருக்கும். முதலில் காலை மட்டும் விட்டுப் பாருங்கள். விருந்தாளிக்கே முதல் முறை கொடுப்பதால், குளித்து முடித்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிட்டால் பின்னால் காத்திருக்கும் நான்கு பேருக்கும் வெந்நீர் போச்சு. மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள், சூடு ஆறாது.

மின்ஷுக்கு வேறு ரகம். குடும்பம் நடத்தும் சிறு விடுதி அது. 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஷிராகாவாகோ என்ற மலைப்பகுதியின் ஓகிமாச்சி கிராமத்தில், ஏறக்குறைய 60 டிகிரி சரிவில் வைக்கோல் போன்ற புல்லால் வேய்ந்த கூரை வீடுகளிலேயே தங்கலாம். தாகயாமா நகரத்திலிருந்து பேருந்தில் ஐம்பது நிமிடம். மாலையில் ஒருநாள் பயணிகள் கிளம்பிய பிறகுதான் ஊர் ஊராகத் தெரியும் என்பதால் இரவு தங்குவதற்கு மதிப்பு உண்டு. சாப்பாடு தரையில் பதித்த இரோரி அடுப்பைச் சுற்றி: உப்புத் தடவிச் சுட்ட ஆற்று மீன், மக்னோலியா இலையில் சூடாகும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), ஹிதா மாட்டிறைச்சி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது மற்ற விருந்தினர்கள். வீட்டுக்காரம்மா பரிமாறி, இரண்டு வார்த்தை விளக்கிவிட்டு உள்ளே போய்விடுவார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை; அது அவர் தொழில். அறைகளைப் பிரிப்பது நகரும் காகிதக் கதவு என்பதால் பக்கத்து அறைக் குறட்டை நன்றாகக் கேட்கும், பூட்டும் பெரும்பாலும் இருக்காது. துண்டும் பல் துலக்கியும் கையோடு கொண்டுபோங்கள். பெரிய பெட்டியைத் தாகயாமாவிலேயே விட்டுவிடுவது நல்லது. கூட்டம் பிடிக்காதவர்கள் கோகயாமா பக்கம் ஐனோகுரா போகலாம், ஊர் இன்னும் சிறியது.

சைவர்களுக்கு என் தீர்ப்பு சந்தேகமே இல்லாமல் கோயில் விடுதிதான், அதிலும் வாகயாமா மாகாணத்தின் கோயாசான். 816இல் கூகாய் என்ற பௌத்தத் துறவி நிறுவிய மலைத்தலம் அது. இன்றுள்ள 117 கோயில்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை விருந்தினரை ஏற்கின்றன. ஷோஜின் ரியோரி என்ற அந்தச் சமையலில் இறைச்சி, மீன் இல்லை. பூண்டு, வெங்காயமும் சேர்ப்பதில்லை. சாற்றுக்குக் 'கொம்பு' என்ற கடற்பாசியும் ஷீதாகே காளானும். எள்ளில் செய்த வழவழப்பான கோமாதோஃபு, உறையவைத்து உலர்த்திய கோயாதோஃபு இரண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். இரவுச் சாப்பாடு ஐந்தரை, ஆறுக்கே வந்துவிடும், காலை வழிபாடு ஆறு அல்லது ஆறரைக்கு. ஒசாகாவின் நம்பாவிலிருந்து நாங்காய் ரயில், பிறகு கேபிள் கார். மேலே நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் சாலையில் நடக்க அனுமதி இல்லை, பேருந்துதான். மாலை ஐந்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். எண்ணூறு மீட்டர் உயரம் என்பதால் ஏப்ரலிலும் குளிரும். துறவிகள் வேலையாக இருப்பார்கள். குடும்பத்தோடு பழகும் எண்ணத்தோடு போனால் ஏமாற்றம்தான். 'ஷுகுபோ' (கோயில் விடுதி) என்று பெயர் போட்ட எல்லா இடத்திலும் சைவம் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோவின் ஆலயங்களைச் சார்ந்த விடுதிகளில் மீன் பரிமாறுவது சாதாரணம்.

மற்ற இடங்களில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மிசோ சூப்பிலும், வேகவைத்த கீரையின் மேல் தூவலாகவும் கட்சுவோ மீன் வந்து சேரும். மீன் சாற்றை மீன் என்றே பலர் எண்ணுவதில்லை. "நிக்கு தோ சகானா வா தாபேமாசேன். கட்சுவோ தாஷி மோ தாபேமாசேன். கொம்பு தாஷி வா தைஜோபு தேசு" (இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், கட்சுவோ சாறும் சாப்பிடமாட்டேன், கொம்பு சாறு பரவாயில்லை) என்ற மூன்று வரியை ஜப்பானிய எழுத்தில் தாளில் எழுதி, இரண்டு வாரம் முன்பே அனுப்பிவையுங்கள். போன பிறகு சொன்னால் அந்த வீட்டில் அன்று கிடைப்பது சோறும் ஊறுகாயும்தான், கூடவே அவர்களுக்கு ஒரு தர்மசங்கடம்.

நகரத்துக் குடும்பத்தோடு தங்குவது ஒரு வாரத்துக்குக் குறைந்தால் வீண். மொழிப் பள்ளியில் சேருபவர்களுக்கு அது பொருந்தும். மாதக் கணக்கில் காலை, இரவுச் சாப்பாட்டோடு 80,000 யென்னுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்பதை மதியத்துக்குள் சொல்லாததும், குப்பையைத் தவறாகப் பிரிப்பதும், கடுகு தாளித்த புகையை வீடெங்கும் பரப்புவதும்தான் அங்கே வழக்கமான மனத்தாங்கல்கள். முன்பதிவுத் தளங்களில் வரும் 'ஹோம்ஸ்டே' விளம்பரங்களில் வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று கட்டாயம் பாருங்கள். ஜூன் 2018இல் நடைமுறைக்கு வந்த மின்பாக்கு (வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும்) சட்டம் ஆண்டுக்கு 180 நாள் வரை வீட்டை வாடகைக்கு விட அனுமதிக்கிறது; உரிமையாளர் அங்கே இருந்தாக வேண்டும் என்பதில்லை. சாவியைப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு ஊரில் இருப்பவரிடம் என்ன பழகுவது?

இலவசத் தங்கலுக்கு ஆசைப்பட்டு, பண்ணையில் வேலை செய்து சாப்பாடும் படுக்கையும் வாங்கும் திட்டங்களில் சேருபவர்கள் விசாவைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு ஏப்ரல் 2024 முதல் கிடைக்கும் இ-விசா சுற்றுலாவுக்கு மட்டும்தான். 90 நாள் வரை, ஒருமுறை நுழைவு. அதில் ஊதிய வேலை கூடாது. உணவும் உறைவிடமும் ஊதியமா என்ற கேள்வியைக் குடியேற்ற அதிகாரியின் மேசையில் எழுப்பிக்கொள்ள வேண்டாம். ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க அனுமதிக்கும் வொர்க்கிங் ஹாலிடே விசா நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை.

இரவு தங்க நேரமே இல்லையென்றால், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குக் கூப்பிடும் நாகோமி விசிட் போன்ற ஏற்பாடுகள் உண்டு. மூன்று மணி நேரம்தான், ஆனாலும் மேசையில் எதிரே உட்காருவது அந்தக் குடும்பமே. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மின்ஷுக்குவைவிட இதுவே மேல். கைக்கு அடக்கமாக, தனித்தனி உறையிட்ட உலர்ந்த பலகாரம் ஏதாவது கொண்டுபோங்கள். கடலை மிட்டாய் நன்றாகப் போகும். இறைச்சி எதுவும் விமான நிலையத்தைத் தாண்டாது, சான்றிதழ் இல்லாத பழமும் கறிவேப்பிலையும் அப்படித்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், காலுறையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.