சீக்கோ 5, 7009: ஒன்பது ஆண்டுகள் கட்டிய பிறகு எழுதுவது

குவைத்தில் வேலை பார்த்த பெரியப்பா விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அப்பாவுக்குக் கொடுத்த சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம், பல காலம் பீரோவில் கிடந்து, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அநேகமாகத் தினமும் அதைத்தான் கட்டுகிறேன். நாளொன்றுக்கு இருபது வினாடி போல வேகமாக ஓடுகிறது. இந்த வயதுடைய மெஷினுக்கு அது குறையே அல்ல. இதற்குச் சாவி கொடுக்க முடியாது. கையசைவில்தான் ஸ்பிரிங் முறுகும் என்பதால், இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும்; மீண்டும் எடுத்து மெல்ல ஆட்டினால் வினாடி முள் புறப்பட்டுவிடும்.

வந்த புதிதில் இது எந்த ஆண்டுக் கடிகாரம் என்று வீட்டில் ஒத்த கருத்து இல்லை. அப்பா 1979 என்றார், அம்மா அதற்குப் பிறகுதான் என்றார். விடை பின்மூடியிலேயே இருந்தது. சீக்கோவின் பின்மூடியில் கோடிட்டுப் பிரித்த ஓர் எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கங்கள் உள்ளே இருக்கும் மெஷினையும் (எங்களுடையதில் 7009), அடுத்தவை கூட்டின் வடிவத்தையும் குறிக்கும். தனியாகப் பொறித்திருக்கும் ஆறு இலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம்; அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் இலக்கத்துக்குப் பதில் அந்த மாதங்களின் ஆங்கில முதலெழுத்து வரும். எங்களுடையது 27 என்று தொடங்குகிறது, அதாவது இரண்டில் முடியும் ஓர் ஆண்டின் ஜூலை. எந்தப் பத்தாண்டு என்பதை இந்த எண் சொல்லாது. அதை மற்ற சான்றுகளைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். 1972இல் 7009 மெஷினே வந்திருக்கவில்லை. 1992க்கு வெகு முன்பே பெரியப்பா வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்டார். ஆகவே 1982. அம்மா சொன்னதே சரி.

பின்மூடியை மட்டும் நம்பக் கூடாது என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். இதே மாதிரியில் இன்னொன்று வேண்டுமென்று இணையத்தில் ஒருவரிடம், "எல்லாம் ஒரிஜினல்" என்ற வாக்கை நம்பி வாங்கினேன். பின்மூடியில் வேறொரு மெஷினின் எண்ணான 6309 என்றிருந்தது. திறந்தால் ரோட்டரில், அதாவது கையசைவில் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும் தகட்டில், 7009ஏ. டயலை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது எழுத்துகளின் விளிம்பு மை ஊறியதுபோல் கலங்கியிருந்தது. நிமிடக் கோடுகள் சில இடங்களில் மணிக் கட்டைகளுக்கு நேராக நிற்கவில்லை. ஆறு மணிக்குக் கீழே, டயலின் ஓரத்தில் இருக்க வேண்டிய பொடி எழுத்துக் குறியீடு அறவே இல்லை. பழைய டயலைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். என் கடிகாரத்தில் அந்தக் குறியீடு 7009 என்றே தொடங்குகிறது. அதற்குப் பின்வரும் இலக்கங்கள் பின்மூடியோடு ஒத்துப்போகவில்லை என்று தொடக்கத்தில் பயந்தேன். டயலுக்கும் கூட்டுக்கும் தனித்தனி எண் உண்டு என்பதால் அது குற்றமில்லை. முதல் நான்கு இலக்கங்கள்தான் பேச்சு.

டயல், பின்மூடி, மெஷின் ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் முறை. மூன்றில் டயலை மாற்றி அச்சடிப்பதே மிக எளிது என்பதால் அதை நான் கடைசியாகத்தான் நம்புவேன். எச்.எம்.டி. ஜனதா வாங்க விரும்புகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் சாவி கொடுக்கும் மெஷின் உறுதியானது, பழுது பார்க்கவும் எளியது; ஆனால் இன்று சந்தையில் பளபளவென்று கிடைக்கும் வண்ண டயல்களில் பல மறு அச்சு. சுவிஸ் கடிகாரங்களில் டயலில் ஒரு பெயரும் உள்ளே வேறொரு மெஷின் தயாரிப்பாளரின் முத்திரையும் இருப்பது இயல்பே. மெஷினில் முன்னும் பின்னுமாக ஆடும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரத்துக்கு அடியில், மெஷினின் தட்டில், சிறு முத்திரையும் எண்ணும் இருக்கும். கடைக்காரரிடம் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நம் ஊர் வியர்வைக்குப் பின்மூடி எழுத்துகள் தேய்ந்துபோகும். என் கடிகாரத்தின் வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை இப்போதே விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. பளபளப்புக்காகப் பின்மூடியை பாலிஷ் போடச் சொல்லாதீர்கள், போனால் திரும்பாது. வாரம் ஒருமுறை உலர்ந்த மென்துணியால் துடைப்பதே போதும்.

மூடியின் உட்புறத்தையும் தவறாமல் பார்க்க வேண்டும். சர்வீஸ் செய்தவர்கள் ஊசி முனையால் தேதியையோ தங்கள் அடையாளத்தையோ கீறி வைப்பது வழக்கம். என்னுடையதில் நான்கு கீறல்கள் உள்ளன. மிகப் பழையது 11.3.88, அதன் பக்கத்தில் ஒரு சிறு வட்டம். நான்கையும் வரிசை எண்ணோடு சேர்த்துப் படம் எடுத்து, அப்பாவின் பழைய ரசீதுகள் இருக்கும் உறையில் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.