எட்டு ஆண்டுகளாக உழைக்கும் 110 வோல்ட் பெட்டியும் ஆறாத ஒரு கோபமும்

அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பும் நண்பரின் மகன், அங்கே வாங்கிய சாதனங்களை இங்கே ஓட்டுவதற்கு, நம் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கலாமா என்று போன வாரம் கேட்டார். அப்படிப்பட்ட 500 விஏ (ஏறக்குறைய 500 வாட் வரை சுமை தாங்கும்) பெட்டி ஒன்று என் வீட்டில் எட்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற மாதம்தான் அதன் வெளியீட்டு சாக்கெட்டை மாற்றினேன். ஆகவே அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நியாயமாகப் பார்த்தால் பெட்டியின் உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. அண்ணன் நியூ ஜெர்சியிலிருந்து கொடுத்தனுப்பிய ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்ட் பிளேயரும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. உள்ளே இரும்புத் தகடுகளை அடுக்கிய ஒரு மையமும், ஒன்றோடொன்று மின்தொடர்பு இல்லாத இரண்டு செம்புச் சுருள்களும் மட்டுமே இருப்பதால் கெட்டுப்போவதற்கு அதிகமாக ஒன்றும் கிடையாது. கெட்டது சாக்கெட் மட்டும்தான்: அமெரிக்கத் தட்டைப் பின்னைப் பிடித்திருந்த பித்தளை நாக்குகள் தளர்ந்து, அந்த இடம் சூடேறி, சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகிக் கருகத் தொடங்கியிருந்தது. சுருள்களோ வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கின்றன.

இதை ஸ்டெபிலைசர் என்று நினைத்துவிடக் கூடாது. சுற்றுகளின் விகிதப்படியே மின்னழுத்தத்தைக் குறைப்பதால், 230 வந்தால் 110 தரும் பெட்டி, நள்ளிரவில் எங்கள் தெருவில் 250 ஏறும்போது ஏறக்குறைய 120 தருகிறது. கோடை மாலையில் 190க்கு இறங்கினால் 91தான் கிடைக்கும். சாதனத்தை அணைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் விட்டுவைத்தாலும் அது வெதுவெதுப்பாகவே இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தேன், சும்மா இருக்கும்போதே 14 வாட் இழுக்கிறது. இரண்டு மாத மின்கணக்கில் அது சுமார் 20 யூனிட். சுவிட்சை அணைக்கப் பழகிக்கொண்டதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கோபம் வேறு. அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தை மாற்றுமே தவிர, இந்த அலைவெண்ணை மாற்றாது. பெட்டியை விற்ற கடைக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டைப் பெட்டியிலோ எல்லா வெளிநாட்டுச் சாதனங்களுக்கும் ஏற்றது என்று அச்சிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து முதல் இசைத்தட்டைப் போட்டபோது, 5 கட்டையில் பாடியிருந்த அம்மையாரின் குரல் ஏறக்குறைய 3 கட்டைக்கு இறங்கி, தடித்துத் தள்ளாடிக்கொண்டு வந்தது. அலைவெண்ணோடு பூட்டப்பட்ட சிங்க்ரனஸ் மோட்டார் அது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு, ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், 28 சுற்றுக்கும் சற்றுக் குறைவாகவே சுற்றிக்கொண்டிருந்தது. பிளேயர்தான் பழுது என்று எண்ணி இரண்டு மெக்கானிக்குகளிடம் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கடைசியில் ஒரு லேத் பட்டறைக்காரர், மோட்டாரின் பித்தளைக் கப்பியை அளந்து பார்த்து, அதைவிட 1.2 மடங்கு விட்டம் உள்ள புதிய கப்பியை ஒரே மாலையில் கடைந்து கொடுத்தார். அன்று இரவு சுருதி சரியான இடத்தில் வந்து நின்றதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆம்ப்ளிஃபயருக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. 60க்கென்று வடித்த அதன் உள் டிரான்ஸ்பார்மரில் 50 ஓடினால், அதே மின்னழுத்தத்துக்கு இரும்பில் காந்தப்பாயம், அதாவது அதனுள் ஓடும் காந்தத்தின் அளவு, 20 சதவீதம் கூடிச் சூடேறும். பெட்டி அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குப் பதில் 110 தருவதால் அந்த மிகுதி பாதியாகக் குறைந்துவிடுகிறது. இப்படி ஒரு நன்மை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

நண்பரின் மகன் கொண்டுவரும் மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் இந்தப் பெட்டியே தேவையில்லை; அடாப்டரில் 100–240 வோல்ட், 50/60 என்று போட்டிருந்தால் பின்னை மாற்றும் சின்னத் துண்டு போதும். ஹேர் டிரையருக்கென்று விற்கும், கையில் அடங்கும் எடையற்ற மின்னணு கன்வர்ட்டரை மின்னணுச் சாதனம் எதனோடும் சேர்க்கவே கூடாது. அது அலையை வெட்டித்தான் அழுத்தத்தைக் குறைக்கிறது. மிச்சம் அவரிடம் இருப்பவை மோட்டார் உள்ள கடிகாரமும் ஒரு பழைய டேப் ரெக்கார்டரும். என் பெட்டி இன்னும் இருபது ஆண்டு உழைக்கும் என்று எனக்கு நம்பிக்கை உண்டு; ஆனாலும், வாங்க வேண்டாம், அவற்றை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன்.