பட்டாள வேலையைப் பிரித்துப் பார்க்கும் மென்பொருள்: சில வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

பதினேழு, பதினெட்டு வருட சர்வீஸ் முடித்து, நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பும் பட்டாளத்துக்காரருக்கு மதுரையில் முதலில் நீட்டப்படுவது செக்யூரிட்டி வேலைதான். மாட்டுத்தாவணியிலிருந்து கப்பலூர் சிட்கோ வரை எத்தனையோ கேட்டுகளில் முன்னாள் ஹவில்தார்கள் நிற்கிறார்கள். அந்த வேலையில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் படையில் அவர் தினமும் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் டிரேடு என்கிற இடத்தில் இருப்பது ஒரு வரி: வெஹிகிள் மெக்கானிக், கிளார்க், ஸ்டோர் கீப்பர் டெக்னிகல். அதை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரர் என்ன முடிவெடுப்பார்?

நான் இருப்பது முன்னாள் படைவீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்பும் ஒரு சின்ன நிலையம். பேரையூர், டி. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து வருவார்கள். தரைப்படைதான் அதிகம், அடுத்து விமானப்படை, கடற்படை கொஞ்சம். மூன்று படைக்காரர்களும் செய்த வேலையைப் பிரித்துப் பார்க்க ஒரு தொழில் பகுப்பாய்வு மென்பொருள் வைத்திருக்கிறோம். அதைக் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு. கடையில் வாங்கும் சரக்கு இல்லை என்பதால் நட்சத்திரம் கொடுக்க வழியில்லை. இதே மாதிரி ஒன்றை வேறு ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொழில்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் வகைப்பாட்டுப் புத்தகங்களை வைத்தே வேலையை முடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்சிஓ-08 வகைப்பாட்டில் படையினர் எல்லோரும் பூஜ்யம் என்ற ஒரே பெரும்பிரிவில் அடங்கிவிடுகிறார்கள். அதற்குள் அதிகாரிகள், ஹவில்தார் மாதிரியான என்சிஓக்கள், மற்றவர்கள் என்று மூன்று அறைகள், அவ்வளவுதான். லங்கர் என்கிற படைச் சமையல்கூடத்தில் ஐந்நூறு பேருக்குச் சமைத்தவரும், லாரி கியர்பாக்ஸைக் கழற்றிப் பூட்டியவரும் ஒரே அறையில். நம் நாட்டின் தேசியத் தொழில் வகைப்பாடு 2015-இல் 3600 தொழில்கள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் சிவில் தொழில்கள். இந்தப் பக்கம் பூஜ்யம், அந்தப் பக்கம் 3600. நடுவில் பாலம் போட வேண்டுமென்றால் வேலையைச் சின்னச் சின்னப் பணிகளாக உடைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கான வழியை 1960-களிலேயே அமெரிக்க விமானப்படை கண்டுபிடித்துவிட்டது. டெக்சாஸ், சான் அன்டோனியோவில் லாக்லாண்ட் தளத்து ஆய்வகத்தில் ரேமண்ட் கிறிஸ்டல் குழுவினர் உருவாக்கிய அந்த நிரல் தொகுப்பின் பெயர் கோடாப். பெரிய மெயின்ஃபிரேம் கணினிகளில் ஓடியது. பிறகு அமெரிக்கத் தரைப்படை, கடற்படை, மரைன் படை எல்லாம் எடுத்துக்கொண்டன. கனடா, ஆஸ்திரேலியப் படைகள் வரைக்கும் போனது. நாங்கள் அந்த நிரலைப் பார்த்தது கூடக் கிடையாது. அதன் கணக்கு முறை வெளிப்படையாகப் பதிவாகியிருப்பதால், அதைப் படித்து ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் குழு, புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) என்கிற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்தது. அவர்கள் படிப்பு முடித்துப் போனபின் அது என் தலையில் விழுந்தது.

கணக்கு எளிமையானது. ஒரு டிரேடில் செய்யக்கூடிய பணிகளைச் சில நூறு வரிகளாக எழுதி வைப்போம். செய்தவற்றை மட்டும் அவர் டிக் அடிப்பார். அப்புறம் ஒவ்வொன்றுக்கும், மற்றப் பணிகளோடு ஒப்பிட்டால் இதில் எவ்வளவு நேரம் போனது என்று 1 முதல் 9 வரை ஒரு எண். மணிக்கணக்கு கேட்பதில்லை, கேட்டாலும் யாருக்கும் நினைவிருக்காது. ஒருவர் நான்கு பணிகளுக்கு 9, 6, 3, 2 என்று போட்டால் கூட்டுத்தொகை 20. ஆக 45, 30, 15, 10 சதவீதம். அடுத்து இரண்டு பேரை ஒப்பிடுவது. ஒருவருக்கு எஞ்சின் வேலை 40, எலக்ட்ரிகல் 30, பதிவேடு 30. இன்னொருவருக்கு 20, 50, 30. ஒவ்வொரு பணியிலும் சிறிய எண்ணை எடுத்துக் கூட்டினால் 20, 30, 30, மொத்தம் 80. இருவர் வேலையும் 80 சதவீதம் ஒத்துப்போகிறது. இப்படி எல்லா ஜோடிக்கும் பார்த்து, அதிகம் ஒத்துப்போகிறவர்களை முதலில் சேர்த்து, குழு குழுவாக மேலே கட்டிக்கொண்டு போகும். 2000 பேர் இருந்தால் 19,99,000 ஜோடி. அந்தக் காலத்தில் இது பெரிய வேலை. இப்போது என் பழைய லேப்டாப்பே டீ குடித்து வருவதற்குள் முடித்துவிடுகிறது.

ஆட்களைக் குழுவாகச் சேர்க்க மாணவர்கள் வார்டு முறை என்கிற கணக்கைப் போட்டிருந்தார்கள். ஜோ வார்டும் அதே லாக்லாண்ட் ஆய்வகத்துக்காரர்தான், அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1963-இல் வந்தது. ஆனால் அந்த முறை நேர்கோட்டுத் தூரத்தை எதிர்பார்க்கும். நாம் எடுக்கும் ஒப்புமை அந்த ஜாதி இல்லை. 100-இலிருந்து ஒப்புமையைக் கழித்தால் வருவது, இரண்டு பேரின் சதவீத வித்தியாசங்களைக் கூட்டிப் பாதியாக்கிய எண். சராசரி ஒப்புமை முறைக்கு மாற்றிய பிறகு குழுக்கள் நம்பும்படி வந்தன. முன்பு எலக்ட்ரீஷியன்களோடு இரண்டு கேன்டீன்காரர்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அது போயே போய்விட்டது.

சரி, பராமரிப்பு. நிரல் உடைந்த சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணலாம், ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. 2020-இல் ஆர் 4.0 வந்தபோது, அட்டவணையில் எழுத்தாக இருக்கும் பத்திகளைத் தானாகவே வகைகளாக மாற்றும் பழைய வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். எங்கள் அறிக்கையில் படைவாரியான அட்டவணை மட்டும் வெறுமையாக வந்தது. பிழைச் செய்தி ஒன்றும் கிடையாது. இந்த மாதிரி சத்தமில்லாத கோளாறுதான் ஆளைக் கொல்லும். அதற்கு நேர்மாறாக 2022-இல் வந்த 4.2 எங்களுக்குப் பெரிய நிம்மதி. விண்டோஸில் யூனிகோடை நேரடியாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அதுவரை தமிழில் எழுதிய பணி வரிகள் அறிக்கையில் எண்ணும் குறியுமாக வந்து விழும். விண்டோஸ் 7 போட்ட ஒரு கணினியை இதற்காகவே ஓய்வு கொடுத்து அனுப்பினோம்.

எழுத்துரு தனிக் கதை. ஆரம்பத்துப் பணிப் பட்டியல்கள் வானவில், பாமினி என்கிற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு ஆனவை. யூனிகோடுக்கு மாற்றித்தரும் மென்பொருள் எல்லாம் கிடைக்கிறது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறிய வரிகளைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ஒரே பணி, ஒரு எழுத்துப் பிழையோடு இன்னொரு பணியாகப் பதிவாகியிருந்த வரிகள் நிறைய.

எக்செல் செய்த வேலை இதைவிட மோசம். 2015 வகைப்பாட்டில் தொழில் எண் 7231.0100 என்கிற மாதிரி இருக்கும். எக்செல் அதைச் சாதாரண எண் என்று நினைத்து, கடைசிப் பூஜ்யங்களை உதிர்த்து 7231.01 ஆக்கிவிடும். 2004-ஆம் ஆண்டு வகைப்பாட்டின் எண்கள் சரியாக இந்த உருவத்தில்தான் இருக்கும், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். ஆக, தவறான எண்ணும் பார்வைக்குச் சரியாகவே தெரியும். இப்போது எல்லாத் தொழில் எண்களுக்கும் முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்து வைக்கிறோம், எக்செல்லால் தொட முடியவில்லை.

ஆனால் இவையெல்லாம் ஒரு சாயங்கால வேலை. நிரலுக்காக நான் செலவிடும் நேரம், பணிப் பட்டியலுக்காகச் செலவிடுவதில் ஒரு சின்னப் பங்குதான். கணக்கு அறுபது வருடமாகக் கெடவில்லை. பட்டியல் உளுத்துக்கொண்டே இருக்கிறது. கார்புரேட்டர் டியூனிங் என்ற வரிக்கு வயதானவர்கள் மட்டும் டிக் அடிக்கிறார்கள். இளைஞர்கள் ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறி படிப்பதைச் சொல்கிறார்கள், அதற்கு வரியே இல்லை. 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்தபின் சிவில் பக்கத்து வேலையும் மாறிவிட்டது, இரண்டு பக்கமும் சேர்ந்தே ஓட வேண்டியிருக்கிறது. கிளார்க் டிரேடில் லெட்ஜர் வரிகள் பாதிக்கு மேல் கணினிக்குப் போய்விட்டன.

பழைய வரியைத் திருத்தினால் போதாதா என்றால், அங்கேதான் வம்பு. பணி எண் 214-க்கு முந்தின வருடம் ஒரு அர்த்தம், இந்த வருடம் ஒரு அர்த்தம் என்றால் பழைய பதில்கள் அத்தனையும் பொய்யாகிவிடும். அதனால் ஒரு கறாரான விதி வைத்தோம். எழுத்துப் பிழை தவிர எதையும் திருத்தக் கூடாது. அர்த்தம் மாறினால் பழைய எண்ணுக்கு ஓய்வு, புது வரிக்குப் புது எண். ஓய்வு பெற்ற எண் திரும்ப வராது. வரி எழுதுவதிலும் கண்டிப்பு வேண்டும். ‘வாகனத்தைப் பராமரித்தல்’ என்று எழுதினால் டிரைவர், மெக்கானிக், ஸ்டோர்காரர் எல்லோரும் டிக் அடிப்பார்கள். ‘எஞ்சின் ஆயிலை வடித்து மாற்றுதல்’ என்றால் செய்தவர் மட்டும் அடிப்பார்.

மூன்று படைகளுக்கும் ஒரே பட்டியல் போட்டுவிடுங்கள், நிர்வாகம் சுலபம் என்று நிதி கொடுத்த இடத்திலிருந்து நீண்ட நாள் நெருக்கினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தரைப்படை வெஹிகிள் மெக்கானிக்கும் விமானப்படை ஆட்டோமொபைல் டெக்னீஷியனும் பெரும்பாலும் ஒரே வேலைதான் செய்கிறார்கள். கப்பல் எஞ்சின் அறையில் இருந்தவருக்கும் டீசல் ஜெனரேட்டர், பம்ப் எல்லாம் பொது. ஆனால் இந்த முறையில் சதவீதம் பட்டியலைப் பொறுத்தது. எஞ்சின் வேலையை ஒரு படைக்கு நாற்பது வரியாகவும் இன்னொரு படைக்குப் பத்து வரியாகவும் உடைத்து வைத்தால், நாற்பது வரிக்காரர் எஞ்சினோடே வாழ்ந்தது போலவும் பத்து வரிக்காரர் எட்டிப் பார்த்தது போலவும் கணக்கு வரும். உண்மையில் இருவரும் சமமாகச் செய்திருப்பார்கள். ஆகவே பொதுப் பணிகள் ஒரு தொகுதி, அவை மூன்று படைக்கும் வார்த்தை மாறாமல் இருக்கும். படைக்கே உரிய பணிகள் தனித் தொகுதி. படைகளுக்கு நடுவே ஒப்பிடும்போது பொதுத் தொகுதியை மட்டும் எடுத்து மறுபடி நூறுக்குக் கொண்டுவருகிறோம். அமெரிக்காவிலும் ஒவ்வொரு படையும் தன் பட்டியலைத் தானே நடத்தியது, கடற்படை தன் திட்டத்துக்குத் தனிப் பெயரே வைத்திருந்தது. அதை வெறும் ஈகோ என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆட்களுக்கு உதவி செய்வது இன்னொரு பாதி. ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் எல்லா வரிக்கும் 9 போட்டிருந்தார். “ஐயா, எல்லாத்துக்குமா ஒரே அளவு நேரம் போச்சு?” என்றால், “எல்லாத்துக்கும் நான்தானே தம்பி பொறுப்பு” என்கிறார். அவர் சொல்வதும் நியாயம். ஆனால் கணினிக்கு அவர் ஒரு சமவெளி, எந்தக் குழுவிலும் சேர மாட்டார். மேற்பார்வைப் பணிகளைத் தனியாக எழுதிய பிறகுதான் அவரைப் போன்றவர்களின் உண்மை முகம் தெரிந்தது: ஆள் பிரித்து வேலை கொடுத்தல், இன்டென்ட் போடுதல் (தேவையான சாமானைக் கேட்டு எழுதுதல்), புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுத்தல். மெக்கானிக் என்று வந்தவர்களில் பலர் கடைசிச் சில வருடங்கள் ஸ்பேனரைத் தொடவே இல்லை. அவர்களை ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசராக அனுப்ப முடிந்தது இந்த மென்பொருளால்தான். எனக்கு இதில் பிடித்த ஒரே விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கவனமாக இருப்பவர்களை அலட்சியமாக இருப்பவர்களிடமிருந்து பிரிக்க, யாரும் செய்திருக்க முடியாத ஓரிரு பணிகளை நடுவில் ஒளித்து வைத்திருக்கிறோம். அதற்கு டிக் விழுந்தால் அருகே உட்கார்ந்து மறுபடி கேட்போம்.

யூனிட் பெயர், இடம், ஆயுத மாடல் எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. 1923-ஆம் வருட அலுவலக ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் விடாது. வந்தவர்களே இதில் நம்மைவிட உஷார். கணினியை இணையத்தோடு இணைப்பதில்லை. அமெரிக்காவின் ஓ-நெட் என்கிற தொழில் விவரத் தரவுத்தளத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், படைத் தொழில் எண்ணிலிருந்து சிவில் எண்ணுக்குப் போகும் அட்டவணையும் அந்தத் தளத்தில் இருக்கிறது. வரி எழுத யோசனைக்குப் பயன்படுத்துகிறோம், அப்படியே எடுப்பதில்லை. அங்கத்து ஒர்க்‌ஷாப் வேறு, கப்பலூர் ஒர்க்‌ஷாப் வேறு.

இப்போது பெரிய வேலை காத்திருக்கிறது. அமெரிக்க விமானப்படையின் தொழில் அறிக்கைகளில் சர்வீஸின் முதல் 48 மாதங்களில் இருப்பவர்களைத் தனிக் குழுவாகக் காட்டுவது வழக்கம். ஆரம்பப் பயிற்சியில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று பார்ப்பதற்கு அது. நாங்கள் அந்த வசதியை நிரலில் சேர்த்திருந்தும் தொட்டதில்லை, பதினைந்து வருடத்துக்குக் குறைந்தவர் எங்களிடம் வந்ததே அபூர்வம். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் என்கிற படை ஆள்சேர்ப்புத் திட்டத்தின் சர்வீஸ் நான்கு வருடம், அதாவது அதே 48 மாதம். முதல் அணி பயிற்சிக்குப் போனது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும். நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரை. மற்றவர்கள் இருபது சொச்சம் வயதில் ஊர் திரும்புவார்கள். இவர்கள் கையில் மேற்பார்வை அனுபவம் இருக்காது, இன்டென்ட் போட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் இத்தனை வருடம் எதை நம்பி ஆட்களை அனுப்பினோமோ அந்த வரிகள் இவர்களுக்குக் காலியாகத்தான் இருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: ஒரு டிரேடில் முப்பது பேர் கூட வராது என்றால் இந்த மென்பொருளே வேண்டாம், உட்கார்ந்து பேசினால் போதும். அதற்கு மேல் வருகிறார்கள் என்றால் நிரல் எழுதுபவரை அப்புறம் தேடலாம். முதலில் அந்த டிரேடில் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்ற இரண்டு இன்ஸ்ட்ரக்டர்களைப் பிடியுங்கள். எங்களுக்குத் தரைப்படைக்கு அப்படி ஆட்கள் இருக்கிறார்கள், விமானப்படைக்கும் கிடைத்துவிட்டார்கள். கடற்படைப் பட்டியல் மட்டும் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறது. கடலே இல்லாத ஊரில் எஞ்சின் அறைக்காரர்களைத் தேடித் திருமங்கலம் பக்கம் அலைகிறோம்.